கார்த்திகை விளக்கை அந்த வீட்டிலேயே ஏற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. பாளையங்கோட்டையில் அப்பா 1986இல் கட்டிய வீட்டில்தான் இன்றுவரை இருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் கணவரின் வேலை திருநெல்வேலியிலேயே அமைந்ததால் அம்மா அப்பாவோடு சேர்ந்தே இருந்தோம். ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, ஆறு வருடங்களுக்கு முன் இந்த வீட்டுப் பட்டாசலில்தான் கண்ணை மூடினார். இப்போது கணவருக்கு மெல்போர்னில் வேலை. நிரந்தரமாகத் தங்கும் விசாவும் வந்துவிட்டது. ஜனவரி இரண்டாவது வாரம் பயணம். வீட்டுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. வாங்குகிறவர்கள் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். 72 வயது அம்மா, கோவையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறார். 14 வயது மகள் எங்களோடு பேசுவதே இல்லை. 6 வயது மகன் புறவாசல் மண்ணைப் பாட்டிலில் அடைத்து, ‘இது மெல்போர்னுக்கு’ என்கிறான். ‘செங்கல்லுக்கும் சிமெண்டுக்குமா அழுவாங்க’ என்கிறார் கணவர். அவர் அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் ஆகும் வேலை, குவார்ட்டர்ஸ்களிலேயே வளர்ந்தவர். அம்மா ஒன்றும் சொல்வதில்லை, அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறார், சாயங்காலமானால் பிச்சிப்பூ பறித்துக் கட்டுகிறார். இராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நான் சுவரைத் தொட்டுத் தொட்டு அழுகிறேன். எனக்கு மனநிலை சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. கடைசி நாள் அங்கே நின்று சாவியைக் கொடுக்க என்னால் முடியுமா? பார்க்காமலே கிளம்பிவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

குடும்பநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனநிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். வீட்டுக்காகத் துக்கப்படுவது நீங்கள் ஒருவர் மட்டும் செய்வதும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் வெஸ்ட் எண்ட் என்ற பகுதியை 1950களின் கடைசியில் நகரச் சீரமைப்பு என்று சொல்லி இடித்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. அந்த மக்களை ஆராய்ந்த உளவியலாளர் மார்க் ஃபிரீட், அவர்களில் பலரிடம் கண்டது நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்த துக்கத்தைப் போன்றது என்று 1963இல் எழுதினார். சிலருக்கு இரண்டு வருடம் கழித்தும் அது ஆறவில்லை. யார் அந்த இடத்தோடு அதிகம் ஒட்டி வாழ்ந்தார்களோ அவர்களுக்கே அதிகம் வலித்தது.

அவர்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். நீங்கள் விரும்பிப் போகிறீர்கள். அதனால் உங்களுக்கு இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது. ‘நாமே விசாவுக்கு அலைந்தோம், நாமே வீட்டை விலை பேசினோம், இப்போது அழ என்ன உரிமை இருக்கிறது’ என்று தோன்றும். அதனால்தான் எல்லோரும் தூங்கும்வரை காத்திருந்து அழுகிறீர்கள் என்று நினைக்கிறேன். போக விரும்புவதும் விட மனமில்லாததும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்கும். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய் என்று ஆகிவிடாது. பகலிலேயே அழுங்கள். பிள்ளைகள் பார்த்தாலும் பரவாயில்லை. ‘அம்மாவுக்கு இந்த வீட்டை விட்டுப் போறது கஷ்டமா இருக்கு, ஆனா நாம போறோம்’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர்களும் தங்கள் கஷ்டத்தை வெளியே சொல்லலாம் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரியும்.

சரி, கடைசி நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் பதில் இதுதான்: விடைபெறுவதைக் கடைசி நாள் வரைக்கும் தள்ளாதீர்கள். சாமான் கட்டத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஒரு வீட்டுக்குள் போவதற்கு நம்மிடம் நாள் பார்ப்பது, கணபதி ஹோமம், பால் காய்ச்சுவது, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது என்று எல்லாம் இருக்கிறது. வெளியே வருவதற்கு அப்படி ஊரறிந்த முறை எதுவும் இல்லை. லாரி வரும், அட்டைப்பெட்டிகள் ஏறும், கடைசியாகச் சாமி படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவோம். வெளிநாட்டில் இருந்துகொண்டு என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலர் சொல்வது, ‘கடைசி ஒரு வாரம் என்ன நடந்தது என்றே நினைவில்லை’ என்பதுதான். டேப் ஒட்டுவதிலும் எடை பார்ப்பதிலும் அந்த நாட்கள் போய்விடுகின்றன. சாமான் எல்லாம் போன பிறகு நிற்கிற வெறும் அறைகளில் பேசினால் எதிரொலிக்கும், சுவரில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். அந்த நிலையில் நின்று நாற்பது வருட வாழ்க்கைக்கு விடை சொல்ல யாராலும் முடியாது. அடுக்களையில் அடுப்பு எரியும்போது, கட்டில் அதனதன் இடத்தில் கிடக்கும்போது, அது இன்னும் உங்கள் வீடாக இருக்கும்போது சொல்லுங்கள்.

உங்களுக்கு அதற்கு நல்ல நாள் ஒன்று வருகிறது. திருக்கார்த்திகை. நீங்கள் ஜனவரியில் போகிறீர்கள், அதற்கு முன் அந்த வீட்டில் வரப்போகும் பெரிய விளக்குத் திருநாள் அதுதான். வழக்கம்போல வாசற்படி, தார்சா, மச்சுப்படி, புறவாசல், கிணற்றடி என்று எல்லா இடத்திலும் அகல் வையுங்கள். உங்கள் பக்கத்து வழக்கப்படி ஓலைக்கொழுக்கட்டை அவியுங்கள். தெருவில் நாற்பது வருடமாகப் பழகியவர்களைக் கூப்பிடுங்கள். அப்பாவிடம் படித்தவர்கள் யாராவது ஊரில் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். உரை, ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு தானாக அப்பாவிடம் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது யார் யார் வீட்டில் தங்கினார்கள், யார் சோறு பொங்கினார்கள் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சை உங்கள் மகளைப் போனில் பதிவு செய்துவைக்கச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து நீங்கள் தேடப்போவது இந்தக் குரல்களைத்தான்.

இப்போது உங்கள் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனம் போய் நின்றது அவரிடம்தான். அவரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது மூன்றே வரி. ‘ஒன்றும் சொல்வதில்லை’ என்கிறீர்கள். சகோதரி, உங்களுக்கு வீடு போகிறது, ஆனால் கணவரும் பிள்ளைகளும் கூட வருகிறார்கள். அம்மாவுக்கு ஒரே மாதத்தில் வீடு போகிறது, மகள் போகிறாள், தூக்கி வளர்த்த பேரப்பிள்ளைகள் போகிறார்கள், தினமும் போகிற கோயில் போகிறது, சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேசும் தோழிகள் போகிறார்கள், கணவர் உயிர்விட்ட இடம் போகிறது. 72 வயதில் இத்தனையும். ‘எனக்குக் கஷ்டமாக இருக்கிறது’ என்று சொன்னால் உங்கள் பயணம் நின்றுவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன்.

அவரிடம் போய் ‘உனக்கு வருத்தமா இருக்காம்மா’ என்று கேட்காதீர்கள். ‘இல்ல’ என்றுதான் பதில் வரும். ‘இந்த வீடு கட்டும்போது நீங்க ரெண்டு பேரும் எங்க தங்குனீங்க, செங்கல் எங்கருந்து வந்துச்சு, நகை எதையாவது அடகு வச்சீங்களா’ என்று கேளுங்கள். வீட்டைக் கட்டியது அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஆசிரியர் சம்பளத்தில் 1986இல் வீடு எழும்பியது என்றால் அதில் அம்மாவின் சிக்கனமும் இருக்கும். இதுவரை யாரும் அவரிடம் கேட்காத கதை அது. பூக் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை நாள் ஆனாலும் சரி.

பூ என்றதும் ஒன்று. அந்தப் பிச்சிக்கொடியில் இந்த வாரமே பதியன் போடுங்கள். தாழ்ந்த கொடி ஒன்றை வளைத்து, கணுப் பக்கம் லேசாகச் சீவி, மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்தால் போதும். இப்போது மழைக்காலம், பதியனுக்கு ஈரம் இருக்கும். ஒன்று பிழைக்காவிட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று நாலைந்து போடுங்கள். வேர் பிடித்ததும் தொட்டிக்கு மாற்றிக் கோவைக்கு அனுப்புங்கள். அம்மாவுக்கு அங்கே சாயங்காலம் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

அம்மாவை எப்போது அனுப்புவது என்பது முக்கியம். பலர் செய்வது, கடைசி வரைக்கும் அம்மாவை வீட்டிலேயே வைத்திருந்து, விமானத்துக்குப் போகிற அன்று அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போவது. அது கொடுமை. எல்லாப் பிரிவும் ஒரே நாளில் அவர் தலையில் விழும். மார்கழியில் வீடு மாற மாட்டோம் என்ற வழக்கமும் இருக்கிறது, அம்மாவுக்கு அது முக்கியமாக இருக்கும். ஆகவே திருக்கார்த்திகை முடிந்து, மார்கழி பிறப்பதற்குள் அவரைக் கோவையில் குடியமர்த்துங்கள். நீங்களும் கூடப் போய் ஒரு வாரம் தங்குங்கள். அவருடைய கட்டில், பீரோ, பித்தளைக் குடம், அப்பா படம், அவர் தினமும் ஏற்றும் குத்துவிளக்கு எல்லாம் அவர் அறையில் அவர் சொன்ன இடத்தில் இருக்கட்டும். பக்கத்துக் கோயிலுக்கு நடந்து போகும் வழியைச் சேர்ந்து நடந்து பாருங்கள். பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுக்க ஒரு டாக்டரைப் பிடியுங்கள். ஆதார் முகவரி, ரேஷன் கார்டு, குடும்ப ஓய்வூதியத்துக்கான வங்கி, கருவூல விவரங்கள் எல்லாவற்றையும் நீங்கள் இருக்கும்போதே மாற்றிக்கொடுங்கள். அதன் பிறகு நீங்கள் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து வீட்டை ஒழிக்கலாம். காலியான வீட்டை அம்மா பார்க்க வேண்டியதில்லை.

அவருக்குப் பொய் வாக்குறுதி தராதீர்கள். ‘சீக்கிரம் உன்னை அங்கே கூப்பிட்டுக்குவோம்’ என்று எல்லோரும் ஆறுதலுக்குச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் கட்டணம் குறைவான பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு பல பத்தாண்டுகள். அதிகக் கட்டணம் கட்டுகிற வகைக்கே பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பார்வையாளர் விசாவில் வந்து சில மாதங்கள் தங்கிப் போவது நடக்கக்கூடியது. அதைச் சொல்லுங்கள், எந்த மாதம் என்றும் சொல்லுங்கள். மெல்போர்னில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர், அம்மாவுக்கு அது ஒத்துவராது. போனில் பேசும் நேரத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஜனவரியில் மெல்போர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும். அம்மா சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கூப்பிட்டால் உங்களுக்கு நடுராத்திரி நெருங்கியிருக்கும். மத்தியானம் அவர் சாப்பிட்டு முடிக்கிற இரண்டு மணி என்றால் உங்களுக்கு இராத்திரி ஏழரை, பிள்ளைகளும் விழித்திருப்பார்கள்.

பணம் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் எழுதவில்லை என்றால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சமபங்கு. அம்மாவின் பங்கு அம்மா பெயரில் உள்ள கணக்கிலேயே விழ வேண்டும். ‘அண்ணன் வீட்டில்தானே இருக்கப்போகிறார்’ என்று அதை அவர்களோடு சேர்த்துவிடாதீர்கள். கையில் சொந்தப் பணத்தோடு மகன் வீட்டுக்குப் போகிற தாய்க்கும், இல்லாமல் போகிற தாய்க்கும் அங்கே கிடைக்கும் இடம் பல வீடுகளில் வேறாக இருக்கிறது. உங்கள் அண்ணனையோ மதினியையோ குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் இது நல்லது. பத்திரப் பதிவையும் நீங்கள் இங்கே இருக்கும்போதே முடியுங்கள். போன பிறகு என்றால் பவர் பத்திரத்துக்குத் தூதரகச் சான்று, வரிப் பிடித்தத்துக்கு வேறு கணக்கு என்று இழுக்கும். ஓர் ஆடிட்டரை இப்போதே பாருங்கள்.

வெளிநாடு பெயரும் குடும்பங்களுக்காகவே உழைத்த டேவிட் போலக் என்ற அமெரிக்க அறிஞர், கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று சிலவற்றைச் சொன்னார். நன்றி சொல்வது, விடைபெறுவது இவற்றுக்கெல்லாம் முன்னால் அவர் வைத்தது, மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொள்வது. தூரம் போனால் சண்டை ஆறிவிடும் என்று நினைக்கிறோம். ஆறாது, உறைந்துபோகும். வீடு விற்ற விஷயத்தில் அண்ணனோடோ, மரக்கிளை விழுந்த விஷயத்தில் பக்கத்து வீட்டோடோ ஏதாவது இருந்தால் கார்த்திகைக்கு முன் நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு வீட்டைவிடத் தோழிகள்தான் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். 14 வயதில் அப்படித்தான். ‘அங்கே நிறையப் பேர் கிடைப்பார்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுடைய கூட்டத்தை ஒரு சனிக்கிழமை இராத்திரி வீட்டில் தங்க வையுங்கள், மொட்டைமாடியை அவர்களுக்கு விட்டுவிட்டு நீங்கள் கீழே இருங்கள். போக வேண்டுமா என்று அவளை யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால் கோபம் அவளுக்கு நியாயமாகவே வரும். கோபப்படட்டும். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பள்ளிகள் ஜனவரி கடைசியில் திறக்கின்றன, போனவுடன் வகுப்பு தொடங்கிவிடும். எந்தப் பள்ளி, என்னென்ன பாடம் என்பதிலாவது அவள் பேச்சுக்கு இடம் கொடுங்கள்.

மகனின் மண்பாட்டில் மனதை என்னவோ செய்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவுக்குள் மண் கொண்டுபோக முடியாது. விதை, செடி, கறிவேப்பிலைக் கொத்து எல்லாவற்றுக்கும் கடுமையான விதிகள், மறைத்துக் கொண்டுபோனால் அபராதம். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைக் குழந்தை கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போடுவதைவிட, இங்கேயே நீங்கள் சொல்லிவிடுவது மேல். ‘அந்த ஊருல வேற மண்ணை உள்ள விட மாட்டாங்க, பூச்சி வந்து அவங்க செடியெல்லாம் செத்துப்போகும்னு பயம்’ என்றால் ஆறு வயதுக்குப் புரியும். கோவைக்கு ஆச்சியிடம் போகும் பிச்சித்தொட்டியில் அவனே அந்த மண்ணைப் போடட்டும்.

கணவரின் வார்த்தை உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. அதை அவரிடம் சொல்லுங்கள். ஆனால் வருடத்துக்கு ஒரு குவார்ட்டர்ஸ் மாறி வளர்ந்த பையன், ‘வீடு என்றால் சுவர், அவ்வளவுதான்’ என்று தனக்குத்தானே சொல்லித்தான் தாக்குப்பிடித்திருப்பான். உங்கள் அழுகையைப் பார்க்கும்போது, உங்களைப் பிடுங்கிக்கொண்டு போகிறோமே என்ற குற்றவுணர்வும் அவருக்கு இருக்கலாம். அவர் சின்ன வயதில் இருந்த வீடுகளில் எது பிடித்தது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். வாதம் செய்யாமல் கேளுங்கள்.

இடிக்கப்போகிறார்கள் என்பதால் ஒன்று கேட்டு வாங்கலாம். வாசல் நிலையும் கதவும் தேக்கு என்றால் இடிப்பவர்கள் அதை எப்படியும் விலைக்குத்தான் போடுவார்கள். வாங்குகிறவரிடம் இப்போதே பேசி, அது உங்களுக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கதவு அண்ணன் வீட்டில் இருக்கட்டும். மெல்போர்னுக்கு மரச்சாமான் எது எடுத்தாலும் பட்டையோ வண்டோ இல்லாமல் இருக்க வேண்டும், அங்கே இறங்கியதும் அறிவிக்க வேண்டும். கொலுவுக்கு வைக்கும் மரப்பாச்சிக்கும் இதே விதிதான், வைக்கோல் சுற்றிக் கட்டாதீர்கள்.

சாவி கொடுக்கும் நாளை, கார்த்திகையை நன்றாகச் செய்திருந்தால், உங்களால் தாங்க முடியும். சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். பகல் நேரத்தில், கணவரோடு போங்கள். பிள்ளைகள் வருவது அவர்கள் விருப்பம். ஒவ்வொரு அறையாக ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். அழுகை வந்தால் வரட்டும். நிற்க முடியவில்லை என்றால் கணவரே கொடுக்கட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை.

வீட்டை இடிக்கும்போது தெருவில் யாராவது போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போடுவார்கள். கெட்ட எண்ணம் இருக்காது, செய்தி சொல்வதாக நினைப்பார்கள். நீங்கள் ஏதோ ஒரு டிராமில் உட்கார்ந்திருக்கும்போது அது வந்து விழும். உங்களுக்கு அதைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்து, தெருவிலும் சொந்தத்திலும் சொல்லிவிடுங்கள். அம்மாவின் போனுக்கும் அது போகக்கூடாது என்றால் அண்ணனிடம் சொல்லி வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் தூக்கமே இல்லாமல் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், டெலி மனஸ் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள். அரசு நடத்தும் இலவசச் சேவை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அங்கே போனபின் முதலில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பதிவு செய்யுங்கள், உங்கள் விசாவுக்கு அது உண்டு. இரண்டு மூன்று மாதம் ஆகியும் மனம் கனமாகவே இருந்தால் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மனநலத் திட்டம் ஒன்று எழுதிக்கொடுத்தால் வருடத்துக்குப் பத்து முறை வரை உளவியலாளரைச் சலுகையில் பார்க்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம், அதற்கு அங்கே தொலைபேசிச் சேவை இருக்கிறது. மகளுக்கும் இதே வழிதான். அவள் பேசாமலிருப்பது பள்ளி தொடங்கிய பிறகும் தொடர்ந்தால் ஆறு மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள், முதல் பருவம் முடிவதற்குள் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்